மஞ்சப்பையில் வந்த மருந்துகள்: ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் மாற்றுச் சிகிச்சைகள் குறித்த நிகழ்வு ஆய்வு

காரைக்குடியை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்த நகரத்தார் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், நான்கு வயது இரண்டு மாதம் நிறைந்திருந்தபோது, மூன்று தொல்லைகளுக்காக எங்கள் குழந்தைநல மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்டான். நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராது. விழித்திருக்கும் அந்த நேரத்தில் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போவான், அதுவும் அழுதுகொண்டே. அவனுக்கு ஆட்டிசம் இருப்பது ஓராண்டுக்கு முன்பே மதுரையில் உறுதிசெய்யப்பட்டிருந்தது. ஆகவே இந்த மூன்றையும் "ஆட்டிசப் பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். முன்பு அவனைப் பார்த்த சிலர் அப்படித்தான் முடித்திருந்தார்கள். வீட்டில் அவனுக்கு வேறு என்னென்ன கொடுக்கப்படுகின்றன என்று கேட்டதிலிருந்து தெரியவந்தவற்றையே இந்த ஆய்வு பதிவுசெய்கிறது. பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலுடனும், குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் இது எழுதப்படுகிறது.

சிறுவனும் வீடும்

குறைமாதமின்றி, சிக்கலின்றிப் பிறந்த முதல் பிள்ளை. உட்கார்ந்ததும் நடந்ததும் உரிய காலத்தில்தான். ஒன்றரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது நின்றுவிட்டது; விரல் நீட்டி எதையும் காட்டவில்லை; ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த "தா", "போ" என்ற இரண்டு சொற்களும் மறைந்துபோயின. மூன்று வயதில் செய்யப்பட்ட மதிப்பீட்டில், நம் நாட்டில் ஆட்டிசத்துக்கான ஊனச் சான்று வழங்கப் பயன்படுத்தப்படும் ஐசா அளவுகோலில் 118 மதிப்பெண் வந்தது. அந்த அளவுகோலில் மதிப்பெண் கூடக்கூடத் தீவிரமும் கூடும்; 107 முதல் 153 வரை நடுத்தர நிலை. பேச்சுப் பயிற்சியும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் பரிந்துரைக்கப்பட்டன. பெற்றோர்கள் "ஓ.டி., ஸ்பீச்" என்று சுருக்கிச் சொல்லும் இந்த இரண்டுக்கும் வாரம் ஒருமுறை மதுரைக்குப் போய்வந்தார்கள், போக ஒரு காலை, வர ஒரு மாலை. சில மாதங்களில் அது நின்றுபோனது. அலைச்சல் ஒரு காரணம். வேறு சிகிச்சைகளுக்குப் பணமும் நேரமும் போய்க்கொண்டிருந்தது இன்னொரு காரணம். அதைத் தாய் பிறகுதான் சொன்னார்.

தந்தைக்கு மலேசியாவில் வேலை. வீட்டில் தாயும், சிறுவனின் அப்பத்தாவும் ஐயாவும், பெரியப்பாவின் ஆறு வயது மகளும் இருக்கிறார்கள். பழைய பெரிய வீடு; முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும். அந்த வீட்டில் சிறுவனுக்குப் பிடித்த இடம் வளவின் தரை. ஆத்தங்குடிக் கல்லில் உள்ள பூவிதழின் ஓரத்தை ஆள்காட்டி விரலால் வரைந்தபடியே நெடுநேரம் உட்கார்ந்திருப்பான். ஒரு கல்லை முடித்துவிட்டு, தவறாமல் வலப்பக்கத்துக் கல்லுக்கு நகர்வான். அந்த விரலைப் பிடித்துத் தடுத்தால்தான் அழுகை தொடங்கும். அவனைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர்கள் எல்லாரும் அந்த விரலைத்தான் தடுத்தார்கள் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன், ஏனென்றால் பிறகு பயிற்சி அங்கிருந்தே தொடங்கியது.

கேட்கப்படாத கேள்வி

முதல் சந்திப்பில், மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டபோது தாய் இல்லை என்றார். கேள்வியை மாற்றிக் கேட்டோம். நாட்டு மருந்து, எண்ணெய், பத்தியம், வெளிநாட்டிலிருந்து வரும் பொடி, தாயத்து, வேண்டுதல் என்று பிள்ளைக்காக வீட்டில் செய்வது எதுவாக இருந்தாலும் சொல்லலாம், இங்கே யாரும் திட்டமாட்டார்கள் என்றோம். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, வேறொரு மருத்துவரிடம் ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பட்டபாடு போதும் என்றுதான் சொல்லாமல் இருந்ததாகச் சொன்னார். அடுத்த முறை வரும்போது எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துவந்து, மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தார்.

விளக்கில் சுட்டுக் கருக்கிய வசம்பு. காலையில் தேனில் இழைத்து நாக்கில் தடவுவது. கடையில் வாங்கிய வல்லாரைச் சூரணம், முத்திரைச்சீட்டுடன். மாதம் ஒருமுறை பக்கத்து ஊர் லாட்ஜில் வந்து தங்கும் ஒருவரிடம் வாங்கிய செம்பழுப்புப் பொடி, காகிதப் பொட்டலத்தில், பெயர் எதுவும் இல்லாமல். "மூளை நரம்புக்கு" என்று சொல்லி, இரண்டு அரிசி எடை நெய்யில் குழைத்து இருவேளை. ஹோமியோபதி உருண்டைகள். தந்தை அனுப்பிய மீன் எண்ணெய்க் குளிகைகள், பி6 உயிர்ச்சத்தும் மக்னீசியமும் கலந்த பொடி, குடலுக்கான நுண்ணுயிர்ப் பொடி. இவற்றோடு ஒரு தலைமுடிப் பரிசோதனை அறிக்கை. அதில் பல உலோகங்கள் சிவப்புக் கோடு தாண்டி நின்றன. இணையவழி ஆலோசனை சொன்ன ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, உடலிலிருந்து உலோகத்தை நீக்கும் "கீலேஷன்" ஊசி போட வேண்டும் என்று எழுதியிருந்தார். பையில் இல்லாத இரண்டு: எட்டு மாதமாகக் கோதுமையும் பாலும் தயிரும் நிறுத்தப்பட்டிருந்தன, மாதம் ஒருமுறை வயிறு சுத்தமாக விளக்கெண்ணெய் கொடுக்கப்பட்டது. இடுப்பில் தாயத்தும், குன்றக்குடி முருகனுக்கு முடியிறக்கும் வேண்டுதலும் இருந்தன.

அப்பத்தா கூடவே வந்திருந்தார். "வசம்பு தடவினா பேச்சு வந்துரும்னு நாங்க எத்தனை பிள்ளைகளுக்குப் பாத்துருக்கோம், இவனுக்கு மட்டும் ஏன் வரலைன்னுதான் தெரியலை" என்று அவர் கேட்டது வெறும் புலம்பல் இல்லை, முறையான கேள்வி. தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எதுவும் செய்யாமலேயே பேசிவிடுவார்கள். வசம்பு தடவியவர்களும் பேசினார்கள், தடவாதவர்களும் பேசினார்கள். தடவாதவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. ஒரு சிகிச்சை பயன் தருகிறதா என்று அறிய ஒப்பீட்டுக் குழு ஏன் வேண்டும் என்பதை அந்த அம்மையாருக்கு இப்படித்தான் விளக்கினோம், அவர் புரிந்துகொண்டார்.

இத்தனையும் செய்த குடும்பத்தை அறியாமை என்று ஒதுக்குவது பிழை. தாய் பட்டதாரி. தந்தை இரவெல்லாம் விழித்துப் படிப்பவர். மதுரையில் ஆட்டிசம் என்று சொல்லி அனுப்பியவர்கள், அடுத்த சந்திப்பு வரை வீட்டில் என்ன செய்வது என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பொட்டலமும் முடிப் பரிசோதனையும் நுழைந்தன.

பரிசோதனைகள்

எடை 14 கிலோ. வயதுக்குச் சற்றுக் குறைவு. கண்ணிமை வெளிறியிருந்தது. வயிற்றின் இடப்பக்கத்தில் இறுகிய மலம் கைக்குத் தட்டுப்பட்டது. ஹீமோகுளோபின் 9.4 கிராம், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9 நானோகிராம், டி உயிர்ச்சத்து 11 நானோகிராம். மூன்றும் குறைவு. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத சீமையில் டி உயிர்ச்சத்து குறைந்ததற்குக் காரணம், வாசலைத் திறந்தால் தெருவுக்கு ஓடிவிடுவான் என்று அவனை ஓராண்டாக உள்கட்டிலேயே வைத்திருந்ததுதான். பெயரில்லாப் பொடியைப் பார்த்ததால் இரத்தத்தில் காரீய அளவும் பார்க்கச் சொன்னோம். டெசிலிட்டருக்கு 16 மைக்ரோகிராம் என்று வந்தது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 முதல் 3.5 மைக்ரோகிராமைக் கண்காணிப்பு அளவாக வைத்திருக்கிறது; உலகச் சுகாதார நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்ட நெறிமுறை, 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் மூலத்தைத் தேடி நீக்கச் சொல்கிறது.

மூலத்தைத் தேடினோம். பழைய வீடு என்பதால் கதவு, சன்னல்களின் பழைய வர்ணத்தையும், ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரங்களையும், சாமி அறைக் குங்குமத்தையும் முதலில் சந்தேகித்தோம். அதே வீட்டில் அதே பாத்திரத்தில் சாப்பிடும் ஆறு வயதுச் சிறுமிக்கு 2 மைக்ரோகிராம்தான் இருந்தது. பொட்டலத்தை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் காரீயம் மிகுதி என்று அறிக்கை வந்தது.

இந்த இடத்தில்தான் பாலை நிறுத்தியதும் பொடியும் ஒன்றோடொன்று சேர்கின்றன. குடலில் காரீயம் உறிஞ்சப்படும் வழியும் இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் உறிஞ்சப்படும் வழியும் பெரிதும் ஒன்றுதான். உணவில் அவை இரண்டும் குறைந்தால் காரீயம் கூடுதலாக உள்ளே போகும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளைப் போல இந்தச் சிறுவனுக்கும் உணவில் தேர்வு மிகக் குறுகியது. இடியாப்பம், வெள்ளைப்பணியாரம், அப்பளம், தயிர்ச்சாதம், பால், குறிப்பிட்ட ஒரு பிஸ்கட் என்று வெள்ளையாகவோ மொறுமொறுப்பாகவோ இருப்பதை மட்டும் சாப்பிடுவான். அந்தப் பட்டியலிலிருந்து பாலையும் தயிரையும் எடுத்தால் சுண்ணாம்புச்சத்து ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. இறைச்சியோ கீரையோ தொடாத பிள்ளைக்கு இரும்பு ஏற்கெனவே குறைவு. இப்படிக் காலியான வயிற்றில் இருவேளையும் அந்தப் பொடி போயிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் "பத்தியம் இருந்தால் என்ன கெட்டுவிடும்", "ஒரு சிட்டிகைப் பொடிதானே" என்று தோன்றும் இரண்டு சிகிச்சைகள், சேர்ந்தபோது ஒன்றின் கேட்டை மற்றொன்று பெருக்கின.

இரும்புச்சத்துக் குறைவு பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கும். இரவில் காலை உதைத்துக்கொண்டே இருப்பார்கள். இறுகிய மலம் வலிக்கும். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை தலையை முட்டிக்கொள்ளும். அவனுடைய மூன்று தொல்லைகளுக்கும் ஆட்டிசத்துக்கு வெளியே, சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருந்தன.

கீலேஷன் பற்றி

காரீயம் இருப்பது தெரிந்ததும் தந்தை மலேசியாவிலிருந்து அழைத்து, "அப்படியென்றால் அந்த ஊசி சரிதானே டாக்டர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, பதிலை விரிவாகவே சொன்னோம். கீலேஷன் மருந்துகள் காரீய நஞ்சுக்கு உண்மையான சிகிச்சைதான். ஆனால் அவை 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு, மருத்துவமனைக் கண்காணிப்பில் கொடுக்கப்படுபவை. 16 மைக்ரோகிராமுக்குச் செய்ய வேண்டியது மூலத்தை நிறுத்துவதும், இரும்பையும் சுண்ணாம்புச்சத்தையும் நிரப்புவதும், மறுபடி இரத்தம் பார்ப்பதும்தான். தலைமுடிப் பரிசோதனையை வைத்து யாருக்கும் கீலேஷன் முடிவுசெய்யக் கூடாது; வெளியிலிருந்து முடியில் படியும் தூசியும் எண்ணெயும் சாயமும் அதன் முடிவை மாற்றும், ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவும் மாறும். அந்த அறிக்கையில் சிவப்பைத் தாண்டி நின்ற உலோகங்களில் காரீயம் இல்லை என்பதையும் அவருக்குக் காட்டினோம்.

2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் கீலேஷன் ஊசி போடும்போதே இறந்துபோனான். ஊசி அவன் இரத்தத்தில் இருந்த சுண்ணாம்புச்சத்தைப் பிணைத்துக்கொண்டதால் இதயம் நின்றது. ஏற்கெனவே சுண்ணாம்புச்சத்தும் டி உயிர்ச்சத்தும் வறண்டுபோயிருந்த நம் சிறுவனுக்கு அந்த ஊசி போடப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. நேரில் பார்க்காத பிள்ளைக்கு, முடியின் அறிக்கையை மட்டும் பார்த்து இதை எழுதிக் கொடுப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

காரீயத்தால்தான் ஆட்டிசம் வந்ததோ என்ற கேள்வியையும் தாய் கேட்டார். இல்லை. பொடி தொடங்கியது மூன்றரை வயதில். அறிகுறிகள் ஒன்றரை வயதிலேயே இருந்தன, முதல் பிறந்தநாளையொட்டி எடுத்த வீடியோக்களிலும் அவற்றின் தொடக்கம் தெரிகிறது. தடுப்பூசி பற்றியும் அதே மூச்சில் கேட்டார். தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்த 1998 ஆம் ஆண்டுக் கட்டுரை 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. லான்செட் இதழ் 2010 இல் அதைத் திரும்பப் பெற்றது. எழுதிய வேக்ஃபீல்டின் பெயர் அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2019 இல் வெளியான ஆய்வில் அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. சிறுவனுக்கு நிறுத்தி வைத்திருந்த ஊசிகள் பிறகு போடப்பட்டன.

பையிலிருந்த மற்றவை

ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் பார்த்தோம்: கெடுதல் செய்யுமா, ஒப்பீட்டுடன் சோதிக்கப்பட்டதா, பயிற்சிக்குப் போக வேண்டிய பணத்தையும் நேரத்தையும் எடுக்கிறதா.

கோதுமையும் பாலும் தவிர்க்கும் பத்தியத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துத் தாய்மார்கள் அதிகம் கேட்பது இதைத்தான். மேல்நாட்டில் அந்தப் பத்தியம் கடினம். ரொட்டியைத் தின்று வளரும் பிள்ளைக்கு உலகமே மாறும். இட்லியும் இடியாப்பமும் பணியாரமும் உண்ணும் வீட்டில் கோதுமையை விடுவது எளிது. இழப்பு முழுவதும் பால் பக்கம்தான். இந்தத் தாய் பத்தியம் தொடங்கிய பிறகு பிள்ளை கண்ணைப் பார்ப்பது கூடியதாக நம்பினார். ஆனால் அவர் நாள்தோறும் ரசத்தில் போட்ட பெருங்காயத்தூளின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கோதுமை மாவு என்று அச்சிட்டிருந்தது. கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் அப்படித்தான் செய்யப்படுகிறது. அதாவது, கோதுமை முழுமையாக ஒருநாளும் நின்றதில்லை. கண்ணைப் பார்ப்பது கூடியது உண்மையாகவே இருக்கலாம். வளரும் பிள்ளை ஒவ்வொரு மாதமும் மாறுகிறது, அந்த மாற்றம் எந்த மாதத்தில் எது தொடங்கப்பட்டதோ அதன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பெற்றோருக்கும் மதிப்பிடுபவருக்கும் எது கொடுக்கப்படுகிறது என்று தெரியாமல் நடத்திய சிறு ஆய்வுகள், 2006 இல் 15 பிள்ளைகளிடமும் பின்னர் 2016 இல் வெளியானதில் 14 பிள்ளைகளிடமும், பத்தியத்தால் நடத்தையில் வேறுபாடு எதையும் காணவில்லை. ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் எலும்பை அளந்த 2008 ஆம் ஆண்டு ஆய்வில், பாலை நிறுத்தியவர்களின் எலும்புப் புறணி (எலும்பின் கெட்டியான வெளி அடுக்கு) மற்றவர்களுடையதைவிட மெலிந்திருந்தது. கோதுமை ஒவ்வாமையோ பால் ஒவ்வாமையோ பரிசோதனையில் உறுதியானால் கதை வேறு. இவனுக்கு அவை இல்லை. தயிர்ச்சாதம் திரும்ப வந்தது.

ஒரு சிகிச்சை சோதனையில் தோற்ற பிறகும் நம்பிக்கை எப்படி நிற்கிறது என்பதற்கு செக்ரிடின் ஊசியின் வரலாற்றைத் தந்தையிடம் சொன்னேன். குடல் ஹார்மோனான அது 1998 இல் மூன்று பிள்ளைகளின் முன்னேற்றத்தால் புகழ்பெற்று, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் தேடிய மருந்தானது. 1999 இல் 56 பிள்ளைகளைப் பாதிப்பாதியாகப் பிரித்துச் சோதித்தபோது, உப்புநீர் ஊசி போட்டவர்களும் அதே அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். முடிவைச் சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் 69 விழுக்காட்டினர் அந்த ஊசியில் ஆர்வமாகவே இருந்தார்கள். அதைக் கேட்டதும் அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

வசம்பைப் பொறுத்தவரை, இந்திய வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் எலிகளில் கட்டி உண்டாக்கியதால் அமெரிக்கா 1968 இலேயே அதை உணவில் சேர்க்கத் தடைசெய்தது. நாக்கில் தடவுவதை நிறுத்தச் சொன்னோம். கைக்குழந்தைக்குக் கட்டும் வசம்பு வளையலில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வல்லாரைச் சூரணம் உரிம எண்ணும் உட்பொருள் பட்டியலும் உள்ளது. ஆட்டிசத்தில் பயன் நிறுவப்படவில்லை என்று சொல்லி, வேண்டாம் என்றோம். பி6, மக்னீசியம் சேர்க்கையும் மீன் எண்ணெயும் பலமுறை சோதிக்கப்பட்டும் நம்பத்தக்க பயன் காட்டவில்லை. விளக்கெண்ணெய்க்குப் பதில் தினமும் மலமிளக்கி. ஹோமியோபதி உருண்டைகளை அவர்களே விட்டுவிட்டார்கள்.

சித்த மருத்துவத்தின்மேல் பழி போடுவது என் நோக்கம் இல்லை. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவுகள் முறையாக இயங்குகின்றன, அங்கே மருந்துக்குப் பெயரும் தயாரிப்பாளரும் தொகுதி எண்ணும் உண்டு. எனினும் முத்திரைச்சீட்டு இருந்தாலே போதும் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 தெற்காசிய மூலிகை மருந்துகளை ஆய்ந்து 2004 இல் வெளியான கட்டுரையில் 14 மருந்துகளில் காரீயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் செந்தூரம், பற்பம் வகையைச் சேர்ந்த எதையும் சிறுபிள்ளைக்குக் கொடுக்கும் முன் பதிவுபெற்ற சித்த மருத்துவரைக் கேட்க வேண்டும். லாட்ஜ் அறைப் பொட்டலம் பற்றி மாவட்டச் சித்த மருத்துவ அலுவலருக்கு எழுத்துமூலம் தெரிவித்தோம்.

வேண்டுதலைப் பற்றி அப்பத்தா தயங்கித் தயங்கிக் கேட்டார். குன்றக்குடிக்குப் போவதில் எந்தத் தடையும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு அது பலம். ஆனால் உச்சிக்கால மேளமும் கூட்டமும் பிள்ளைக்குத் தாங்காது. முன்பு ஒருமுறை கோயிலில் அவன் அலறியதைத் தோஷம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கூட்டமில்லாத நாளில், காலையில் நடை திறந்ததும் போகச் சொன்னோம். முடியிறக்கும் கத்திரியின் ஓசைக்கும் தண்ணீர் தெளிப்பதற்கும் வீட்டிலேயே சிறிது சிறிதாகப் பழக்கிய பிறகு முடி இறக்கினார்கள்.

பையில் இல்லாமல், மனத்தில் இருந்தது ஸ்டெம் செல் சிகிச்சை. ஒரு நகரத்தில் பல லட்சம் கேட்டிருந்தார்கள். தாய் தன் நகைகளை அடகு வைக்க ஆயத்தமாக இருந்தார். தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதன்று என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 180 பிள்ளைகளிடம் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்துப் பார்த்த ஒப்பீட்டு ஆய்வு, 2020 இல் வெளியானது, தன் முதன்மை அளவுகோலான சமூகப் பழக்கத்தில் முன்னேற்றம் காணவில்லை. காற்றழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் சிகிச்சையும் அப்படித்தான். 2025 ஜனவரியில் மிச்சிகனில் அப்படி ஓர் அறைக்குள் தீப்பிடித்து ஐந்து வயதுப் பிள்ளை இறந்தது. நகைகள் வீட்டிலேயே இருக்கின்றன.

சிகிச்சையும் பின்தொடர்தலும்

பொடியும் வசம்பும் அன்றே நின்றன. மலமிளக்கி, எடைக்கேற்ற இரும்புச் சொட்டு மருந்து, டி உயிர்ச்சத்து. சாப்பாட்டில் எதையும் திணிக்காமல், அவன் ஏற்கும் நிறத்திலும் பதத்திலும் தொடங்கினோம்: வெள்ளைப்பணியார மாவில் சிறிது கேழ்வரகு மாவு, வாரத்துக்கு வாரம் ஒரு கரண்டி கூட. ஏழாம் வாரம் நிறம் மாறியதைக் கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளிவிட்டான். ஒரு கரண்டி குறைத்துவிட்டுத் தொடர்ந்தார்கள். மாலையில் கைபேசி நிறுத்தம், ஒரே வரிசையில் குளியல், உணவு, படுக்கை. அதன் பிறகும் தூக்கம் தாமதமானதால் மெலடோனின் 1 மில்லிகிராம் படுக்கைக்கு முக்கால் மணி நேரம் முன். துணைச் சிகிச்சைகள் என்று பேசப்படுபவற்றில் ஒப்பீட்டு ஆய்வுகளில் நன்றாக நின்றது தூக்கத்துக்கான மெலடோனின்தான். அதையும் மருத்துவர் சொல்லாமல் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

பயிற்சியை மதுரைக்கு மாதம் ஒருமுறை என்று குறைத்து, மிச்சத்தை வீட்டில் தாய் செய்யக் கற்றார். பெற்றோர் வழியாகச் செய்யும் பயிற்சிக்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளின் குடும்பங்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சிறப்புப் பட்டம் பெறாத பணியாளர்களே பயிற்சி கொடுத்த ஆய்வு 2016 இல் வெளியானது. பெற்றோர் பிள்ளையின் போக்கைப் பின்பற்றிப் பதில் தருவது அதில் தெளிவாகக் கூடியது. நம் சிறுவனுக்குத் தாய் வளவின் தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வரையும் பூவின் எதிர் இதழைத் தானும் விரலால் வரைந்தார். சில நாள் அவன் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒருநாள் தாய் வேண்டுமென்றே ஓர் இதழை விட்டுவிட்டுக் கையை எடுத்தபோது, அவர் மணிக்கட்டைப் பிடித்து அந்த இதழின்மேல் வைத்தான். கேட்பது, காட்டுவது, காத்திருப்பது எல்லாம் அதிலிருந்து வளர்க்கப்பட்டன. படம் ஒட்டிய அட்டைகள் இப்போது சமையற்கட்டுக் கதவில் தொங்குகின்றன.

மூன்றாம் மாதம் காரீயம் 9 மைக்ரோகிராம், ஓராண்டில் 4. ஹீமோகுளோபின் 11.6. ஒரு நாள்விட்டு ஒரு நாள் அழாமல் மலம் கழிக்கிறான். பத்து மணிக்குள் தூங்குகிறான். தலையை முட்டுவது அபூர்வம், பல்வலி வந்தபோது மட்டும் திரும்ப வந்தது. ஐந்தரை வயதில் ஐசா மதிப்பெண் 111; அதே நடுத்தர நிலைதான். முப்பதுக்கும் சற்றுக் கூடுதலான சொற்கள் பேசுகிறான்.

இவற்றில் எது எதனால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரும்பும், தூக்கமும், மலச்சிக்கல் தீர்ந்ததும், பயிற்சியும், ஓராண்டு வளர்ச்சியும் ஒன்றாகவே நடந்தன. காரீயம் குறைந்ததால் பேச்சு வந்தது என்று யாராவது இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொண்டால் அது பிழையான வாசிப்பு. பத்தியத்தின் கணக்கில் கண்ணைப் பார்ப்பதைச் சேர்த்ததும் அதே வகைப் பிழைதான். இந்த நிகழ்வு உறுதியாகக் காட்டுவது ஒரு கேட்டின் பாதையை மட்டுமே.

ஊனமுற்றோருக்கான தனி அடையாள அட்டை வந்துவிட்டது. தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள், அது ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கும்; அதற்குள் ஓர் உள்வரம்பு வரை தெரபிச் செலவும் அடங்கும். உள்ளூர்ப் பள்ளியில் பாதி நாள் போகிறான். போன சந்திப்பில் தாய் கைபேசியைக் காட்டி, ஃபோலிக் அமில வகை மருந்தான லூக்கோவோரின் கொடுக்கலாமா என்று கேட்டார். 2025 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைப் பற்றி அறிவித்த பிறகு பல வீடுகளிலிருந்து அந்தக் கேள்வி வருகிறது. அந்த நடவடிக்கை மூளையில் ஃபோலேட் குறையும் நிலை குறித்தது என்றும், ஆட்டிசத்தில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் சிலவே, சிறியவை என்றும், அவற்றுள் அதிகம் பேசப்படுவதில் இருந்தவர்கள் 48 பிள்ளைகள் என்றும் விளக்கினேன். இப்போதைக்கு வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவுசெய்தோம். பிள்ளைக்குக் கொடுக்கும் எல்லாவற்றையும் எழுதும் குறிப்பேட்டில், அன்றைய தேதி போட்டு, கேட்டதையும் முடிவையும் அவரே எழுதிக்கொண்டார். அடுத்த காரீயப் பரிசோதனை ஆறு மாதம் கழித்து.